கழற்றாத வளையம்

இரவெல்லாம் பெய்த மழை விடியும்போது நின்று, கடல் பக்கமிருந்து குளிர்காற்று அடித்தால், துருக்கிக் கரையில் ஆர்ஹாவி ஊருக்கு மேலே இருக்கும் மலைக்கிராமங்களில் அன்றைக்கு எந்த ஆண்பிள்ளையும் ஒழுங்காக வேலைக்குப் போகமாட்டான். கருங்கடலைத் தாண்டி வடக்கேயிருந்து வரும் காடைகள், இறக்கை ஓய்ந்துபோய், கரையைக் கண்டதும் கிடைத்த இடத்தில் விழுகிற நாள் அது. தேயிலை வரிசைக்குள், சோளத்தட்டைக்குள், பாதையோரப் புல்லுக்குள் என்று எங்கே கால் வைத்தாலும் ஒன்று விர்ரென்று கிளம்பும்.

நெவ்சாத் அன்று தன் மினிபஸ்ஸை எடுக்கவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்று காலையில் நிறுத்தத்தில் காத்திருந்தவர்களிடம் சொல்லிவிட்டான். அவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், கீழ்நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு கிழவர் மட்டும், "கோளாறு வண்டியில இல்லடா, உன் வலது கையில இருக்கு" என்றார்.

அவன் வலது கையில் காடை பிடிக்கப் பழக்கிய வல்லூறு உட்கார்ந்திருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் பிடித்த இளம் பெட்டை. பிள்ளைப்பூச்சியை வைத்துக் கீச்சான் குருவியைப் பிடித்து, கீச்சானைக் குச்சியில் கட்டி ஆட்டி வல்லூறை வலைக்கு இழுப்பது அவர்கள் வழக்கம். மலைமுகட்டில் இலைதழை போட்டு மறைத்த குடிசைக்குள் இருந்துகொண்டு நெவ்சாத் அதைப் பிடித்தான். வலைக்குள்ளிருந்து எடுத்தபோதே அவனுடைய மச்சினன் ஜெவ்தெத், "மாப்ள, இதைக் குடு, என் வண்டியை எடுத்துக்க" என்று கெஞ்சினான். மார்பில் சீப்பு வாரினது மாதிரிக் கோடுகள், எலுமிச்சை மஞ்சளில் கண். ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. அதற்கு அவன் பேர் வைக்கவில்லை. எந்தப் பறவைக்கும் அவன் பேர் வைத்ததில்லை. காடைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது விட்டுவிட வேண்டியதுதானே; பேர் வைத்துவிட்டால் கை திறக்காது.

அந்தக் கரையில் வல்லூறைப் பறக்கவிடுவதில்லை, எறிவார்கள். உள்ளங்கையில் அதன் உடம்பைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, காடை கிளம்பியதும் கல்லை வீசுகிற மாதிரி அதன் பின்னால் வீச வேண்டும். அதற்குக் காலுக்கு ஒன்றாக இரண்டு தோல்வார், ஒரு காலில் ஒரு சின்ன மணி. கையில் சும்மா வைத்திருக்கும்போது அந்த இரண்டு வாரையும் ஒரு சின்ன இரும்பு வளையத்தில் கோத்து, வளையத்தில் கயிற்றைக் கட்டிக்கொள்வார்கள். எறிவதற்கு முன்னால் கயிற்றையும் எடுக்க வேண்டும், வளையத்தையும் கழற்ற வேண்டும். வார் இரண்டும் தனித்தனியாகத் தொங்கினால் கிளையில் மாட்டாது. வளையம் இருந்தால் மாட்டும். மாட்டினால் பறவை தலைகீழாகத் தொங்கிச் செத்துப்போகும். இது அங்கே கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

நெவ்சாத்துக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாக எறிகிறவன்.

அன்று முற்பகலிலேயே நாலு காடை ஆகிவிட்டது. ஜெவ்தெத் நாயோடு கீழ்ச்சரிவுக்குப் போயிருந்தான். நெவ்சாத், அதே ஊர்க்காரி நாஜியே அக்காவின் தேயிலைத் தோட்டத்து விளிம்பில் இளைப்பாற நின்றான். மேல்சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினான். வல்லூறைக் கயிற்றோடு முஷ்டியில் உட்காரவைத்து, ஒரு சிகரெட் பற்றவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். நாஜியேயின் நிலத்தில் அவன் கால் வைக்கக்கூடாது. போன வருடம் ஜெவ்தெத்தின் நாய் அவளுடைய கோழி ஒன்றைக் கவ்வியது, காடையைத் துரத்தியதில் இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளுடைய பீன்ஸ் பந்தலைச் சாய்த்தார்கள். அதிலிருந்து அவள் இவனோடு பேசுவதில்லை. பேசினால் நன்றாயிருந்திருக்கும், பாதையில் பார்க்கும்போதெல்லாம் இவன் காதுபடக் காற்றோடு பேசினாள்.

அப்போதுதான் அந்தக் காடை கிளம்பியது. அவன் காலுக்கு அடியிலிருந்து, கிட்டத்தட்ட அவன் பூட்சைத் தட்டிக்கொண்டு.

அந்த நேரத்தில் மனிதன் யோசிப்பதில்லை. விரல்கள் கயிற்றை உருவின. உள்ளங்கை பறவையை வாரிக்கொண்டது. தோள் சுழன்றது. வல்லூறு கையை விட்டுப் போன கணத்தில், வெயிலில் அதன் காலடியில் ஏதோ மினுங்கியதை அவன் பார்த்தான்.

வளையம்.

ஓடினான். வல்லூறு காடையைத் தேயிலை வரிசைகளுக்கு மேலே துரத்திக்கொண்டு, ஒரு பாத்தி தள்ளிக் கீழே அடித்து விழுந்தது. அவன் மேல்பாத்தியின் கற்சுவரிலிருந்து குதித்தான். மழையில் ஊறிய மண். வலது கால் இரண்டு கல்லுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது, உடம்பு போன வேகத்தில் முன்னால் போனது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது தன் கால்தான் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

முகம் சேற்றில். வாயில் தேயிலை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது, வரிசைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில், ஒரு கட்டில் நீளம்கூட இருக்காது, அந்த வல்லூறு உட்கார்ந்திருந்தது. இறக்கைகளைக் குடைபோல விரித்துக் காடையை மூடிக்கொண்டு, அவனையே பார்த்தது. அதன் காலில் இரண்டு வாரும் வளையமும் ஒன்றாகக் கிடந்தன.

அவன் கையை நீட்டினான். எட்டவில்லை. முழங்கையை ஊன்றி ஒரு சாண் நகர்ந்தான். கணுக்காலுக்கு மேலே எதுவோ உள்ளேயே புரண்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வல்லூறு காடையை இழுத்துக்கொண்டு அதே ஒரு சாண் பின்னால் போனது.

இனி நகரக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது. நகர்ந்தால் தூக்கிக்கொண்டு பறக்கும். பறந்தால் மரத்தில் உட்காரும். மரம் என்றால் கிளை. அவன் சேற்றில் கன்னத்தை வைத்துக் கிடந்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, காலையில் கூழாங்கல்போலக் கையில் உட்கார்ந்திருந்த அந்தப் பறவையிடம் மெதுவாகப் பேசத் தொடங்கினான்.

"சாப்பிடு தாயி. மெதுவா சாப்பிடு. நான் எங்கயும் போகல. நீயும் போகாத."

அது காடையின் இறகைப் பிடுங்கித் துப்பியது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் அது கைக்கு வராது என்பதும் அவனுக்குத் தெரியும். பசிதான் அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே உறவு. ஒவ்வொரு வாய்க்கும் அந்த உறவு தேய்ந்துகொண்டே போனது. அவன் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

கீழேயிருந்து ஜெவ்தெத்தின் குரல் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஜெவ்தெத் ஒருவன்தான் போன் இல்லாமலேயே பக்கத்துக் கிராமத்தோடு பேசக்கூடியவன்.

"மாப்ளேய்! விழுந்துச்சா?"

வல்லூறு தலையை நிமிர்த்தியது. உடம்பு ஒடுங்கியது, பறப்பதற்கு முன்னால் ஒடுங்குமே, அப்படி.

"மாப்ள! எங்கய்யா போய்த் தொலைஞ்சே?"

நெவ்சாத் பதில் சொல்லவில்லை. கால் நெருப்பாய் எரிந்தது. ஒரு வார்த்தை போதும், ஜெவ்தெத் ஓடி வந்துவிடுவான். ஆனால் அவன் நாய் அவனுக்கு முன்னால் வரும், குரைத்துக்கொண்டு. நெவ்சாத் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டான். ஜெவ்தெத் இன்னொரு முறை கூப்பிட்டான். "இந்தாளு எங்கயாவது குந்திக்கிட்டு சிகரெட் குடிப்பான்" என்று நாயிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. பிறகு குரலும் நாயின் மணியும் ஓடைப் பக்கமாகத் தேய்ந்து மறைந்தன.

உதவி அவனைக் கடந்து போய்விட்டது. அவன்தான் போகவிட்டான்.

எவ்வளவு நேரம் போனதோ. காடையில் பாதி தீர்ந்திருந்தபோது மேலேயிருந்து இலை வெட்டும் கத்தரியின் சத்தம் வந்து, சட்டென்று நின்றது.

"வரவர என் தோட்டத்துல படுத்தே தூங்க ஆரம்பிச்சிட்டாங்களா?"

நாஜியே. கோடுபோட்ட துணியைத் தலையில் இறுக்கிக் கட்டி, ரப்பர் பூட்சோடு, வெட்டிய இலை விழப் பை கட்டிய கத்தரியோடு சுவர்மேல் நின்றாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை. மூட்டைத் தேயிலையை முதுகில் ஏற்றிக்கொண்டு செங்குத்தில் ஏறுகிறவள்.

"அக்கா, உஷ்" என்றான் நெவ்சாத்.

"என் நிலத்துல என்னையே உஷ்ங்கிறியா? எழுந்திரிடா மொதல்ல. எந்தப் பந்தலைச் சாச்சே பாக்கறேன்."

"அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன், சத்தம் போடாத. அந்தா பாரு."

அவள் வல்லூறைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். அது இருக்கக்கூடாத திசையில் இருந்தது. அவள் முகம் மாறியது.

"டேய், கால் ஒடிஞ்சிருக்குடா."

"தெரியும்."

"எவ்வளவு நேரமா கிடக்கே? ஏன்டா கத்தல? இப்பத்தானே அந்த ஜெவ்தெத் கழுதை கீழ கத்திக்கிட்டுப் போனான்?" கையை இடுப்புத்துணிக்குள் விட்டு போனை எடுத்தாள்.

"வேணாம். அப்புறம் கூப்பிடு. மொதல்ல அதைப் பிடி."

"நானா? உனக்குத் தலையும் ஒடைஞ்சு போச்சா?"

"வளையத்தோட எறிஞ்சிட்டேன் அக்கா." அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கால் உடைந்ததற்கு உடையாத குரல். "பறந்துச்சுன்னா செத்துப்போகும். உன் தலைத்துணிய அவிழ்த்து மேல போடு. அவ்வளவுதான். கோழியைப் பிடிக்கிற மாதிரி."

"என் கோழியைப் பத்தி நீ பேசாத" என்றாள் நாஜியே. ஆனால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். தலைத்துணியை அவிழ்த்தாள். நரைத்த பின்னல் முதுகில் விழுந்தது. சுவரிலிருந்து சத்தமில்லாமல் இறங்கினாள். அந்தச் சுவரில் எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனைத் தாண்டி, குனிந்து, துணியை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

போட்டாள். துணி அழகாகத்தான் விரிந்தது. காற்று ஒரு முனையைத் தூக்கியது. அந்த இடைவெளி போதுமாயிருந்தது. வல்லூறு துணிக்கடியிலிருந்து வெளியே பாய்ந்து, நிறைந்த வயிற்றோடு கனமாக இறக்கை அடித்து, தோட்டத்து ஓரத்தில் நின்ற பழைய பேரிக்காய் மரத்துக்குப் போனது. நடுக்கிளையில் உட்கார்ந்தது. அலகைக் கிளையில் துடைத்தது. ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது அடுத்த கிளைக்குத் தாவியது. தாவல் பாதியில் நின்றுபோய், பறவை கீழே விழுந்து, தலைகீழாகத் தொங்கியது. அதன் கால்மணி பைத்தியம் பிடித்த மாதிரி அடித்தது.

அப்போது நெவ்சாத் கத்தினான். அதுவரை அடக்கி வைத்திருந்த மொத்தமும் ஒரே குரலாய் வந்தது. "ஜெவ்தெத்! ஜெவ்தெத்! வாய்யா!" என்று அந்த மலை முழுவதும் கேட்கக் கத்தினான்.

நாஜியே காத்திருக்கவில்லை. பேரிமரத்தில் பழம் பறிக்க ஏறிப் பழகியவள். பூட்சை உதறிவிட்டு, வெறும் காலோடு, மரமுண்டுகளில் கால் வைத்து ஏறினாள். மேலேயிருந்து அவள் திட்டுவது கேட்டது: நெவ்சாத்தை, அவன் அப்பாவை, காடையைக் கண்டுபிடித்தவனை. கிளையில் வயிற்றை வைத்துப் படுத்து கையை நீட்டி, அடித்துக்கொண்டிருந்த இறக்கைகளுக்கு நடுவே பறவையைப் பற்றினாள். மறு கணம் அவள் போட்ட அலறலில் நெவ்சாத் தன் காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தான்.

"பிடிச்சிட்டியா அக்கா?"

"நான் பிடிக்கலடா! அது என்னைப் பிடிச்சிருக்கு!"

வளையம் மாட்டியிருந்த சுள்ளியை மறுகையால் ஒடித்தாள். ஒற்றைக் கையோடு எப்படி இறங்கினாளோ. இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து, கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். வல்லூறின் இடது கால் அவள் கட்டைவிரல் மேட்டில் புதைந்திருந்தது. நகம் ஊசித் தடிமன்தான். ஆனால் முழுக்க உள்ளே போயிருந்தது. ரத்தம் அதிகமாகக்கூட வரவில்லை.

"இழுக்காத அக்கா. இழுத்தா இன்னும் இறுக்கும்."

"இழுக்கல. அழறேன்."

நெவ்சாத் பக்கவாட்டில் புரண்டு, பறவையின் காலை மெதுவாக நேராக நீட்டினான். கால் நீண்டால்தான் விரல் விரியும். ஒவ்வொரு விரலாக எடுத்தான். அவர்கள் இருவரின் தலைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கடைசி நகம் வெளியே வந்ததும் நாஜியே நீளமாக மூச்சு விட்டாள். அவன் வளையத்தைக் கழற்றினான். வார்களை, அவள் சுவர்மேலிருந்து எடுத்துக் கொடுத்த கத்தரியால் வெட்டினான். அப்போதுதான் மறுகாலைக் கவனித்தான். அது எதையும் பிடிக்கவில்லை. விரல்கள் நனைந்த நூல் மாதிரித் தொங்கின.

பறவையைத் தலைத்துணியில் சுற்றி அவள் மடியில் வைத்தான்.

ஜெவ்தெத் மூச்சு வாங்க ஓடி வந்தபோது, அவன் கண்ட காட்சி: கால் திரும்பிக் கிடக்கும் மாப்பிள்ளை, கை ரத்தத்தோடு நாஜியே, நடுவே கோடுபோட்ட துணியில் ஒரு பொட்டலம்.

"என்னய்யா, ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?" என்றான்.

பழப்பறிப்பு ஏணியில் கட்டி நெவ்சாத்தைச் சாலைக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் கதவு மூடும்போது அவன் ஜெவ்தெத்தின் சட்டையைப் பிடித்து, "தண்ணி குடு, இருட்டுல வை, யாரையும் பாக்க விடாத" என்றான். ஆம்புலன்ஸ்காரர் அது தனக்குச் சொன்னதென்று நினைத்து, "கவலைப்படாதீங்க, எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றார்.

காலில் தகடு வைத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது அவன் மனைவி செஹெர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பையில் சோளரொட்டியும் கோஸ்கீரையும் வைத்துக்கொண்டு.

"பறவை எப்படி இருக்கு?" என்றான்.

செஹெர் ரொட்டியைப் பிட்டாள். "ஏன்யா, பொண்டாட்டி எப்படி இருக்கான்னு கேக்கத் தோணலையா? பஸ் எப்படி இருக்கு, வீடு எப்படி இருக்கு?"

"நீ நல்லாத்தான் இருக்கே. திட்டறியே."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஜெவ்தெத் பாத்துக்கறான்" என்றாள்.

ஜெவ்தெத் தினமும் வந்தான். "தின்னுது மாப்ள. காடை மார்பை நறுக்கிக் குடுத்தேன், லபக்குன்னு முழுங்குது" என்றான். அடுத்த நாள், "காலுக்கு இறகுக்காம்பு வெச்சுக் கட்டியிருக்கேன், ஊன்றப் பாக்குது" என்றான். வழக்கமாக மூன்று படுக்கை தள்ளிக் கேட்கும் அவன் குரல் அந்த அறையில் மட்டும் தாழ்ந்திருந்தது. ஆஸ்பத்திரி என்பதால்தான் என்று நெவ்சாத் எடுத்துக்கொண்டான்.

நாஜியேயும் அதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். நகம் போன இடத்தில் சீழ் வைத்து, கை முழங்கை வரை வீங்கி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கீறிச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். காய்ச்சல் இறங்கிய ஒரு மதியத்தில் அவள் ஆண்கள் வார்டுக்கு நடந்து வந்தாள். கதவில் நின்ற நர்ஸிடம், "என் தம்பி" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க."

அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும், "சொல்லு அக்கா" என்றான்.

"அது செத்துப் போச்சுடா. மறுநாள் காலையிலயே. ஒண்ணும் தின்னலயாம். ஜெவ்தெத் விடிய விடியக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். செஹெர் நேத்து என்கிட்ட அழுதா. உன் கால் ஆறட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருக்காங்க."

நெவ்சாத் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"நீ ஏன் சொன்னே?"

"என் கையைக் குடைஞ்சது அது. அது உயிரோட இருக்கா இல்லையான்னு என்கிட்ட எவனாவது பொய் சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். உனக்கும் வரும்னு நெனச்சேன்."

அவன் தலையாட்டினான். உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னான்.

"ஜெவ்தெத் கூப்பிட்டப்ப நான் வாயைத் திறக்கல அக்கா. அவன் கை பழகின கை. அவன் வந்திருந்தா ஒரே போடுல பிடிச்சிருப்பான். அதைக் காப்பாத்தணும்னுதான் சும்மா கிடந்தேன். சும்மா கிடந்துதான் கொன்னுட்டேன்."

"அவன் வந்திருந்தா" என்றாள் நாஜியே. "அந்தக் குரலுக்கும் அந்த நாய்க்கும் அது ஜார்ஜியாவுக்கே போயிருக்கும். எல்லை தாண்டிப் போய்க் கிளையில மாட்டியிருக்கும். உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? நான் துணியை இன்னும் கொஞ்சம் கீழ பிடிச்சிருந்தா? காத்து அடிக்காம இருந்திருந்தா?"

"வளையம் நான் கழட்டாதது."

"அது நீ" என்று அவள் ஒத்துக்கொண்டாள். அதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு மேலே ஒன்றும் அவள் அவன் தலையில் ஏற்றவுமில்லை. சரியாக அவனுக்கு உரியதை மட்டும் எடுத்துக் கையில் வைத்த மாதிரி இருந்தது. அது தூக்கக்கூடிய கனம்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

சாயங்காலம் ஜெவ்தெத் வந்து, "இன்னிக்கு மாப்ள..." என்று ஆரம்பித்தபோது, நெவ்சாத் அவன் கையைப் பிடித்து, "உக்காரு மச்சான்" என்றான். "ராத்திரி முழுக்கக் கையில வெச்சிருந்தியாமே." ஜெவ்தெத் உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய குரல்காரன், வாயைத் திறக்காமல் அழுதான்.

நாஜியேயின் கட்டைவிரல் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவில்லை. மே மாதத்தில், முதல் தேயிலைத் துளிர் வந்தபோது அவளால் கத்தரியை அரை நாள்தான் பிடிக்க முடிந்தது. செஹெர் தன் கத்தரியை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனாள். நெவ்சாத் பின்னால் கைத்தடியோடு நொண்டிக்கொண்டு போனான். சரிவில் நிற்க முடியாத அவனைப் பாதையோரம் உட்காரவைத்து, மூட்டை கட்டும் வேலையைக் கொடுத்தார்கள். அவன் கட்டிய மூட்டைகளை நாஜியே அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"இருபது வருஷம் வல்லூறுக்கு முடிச்சுப் போட்டவன் கட்டுற கட்டா இது?" என்றாள். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து, "இந்த வருஷம் பிடிப்பியா?" என்று கேட்டாள்.

"தெரியல அக்கா."

"தெரியலன்னா பிடிப்பே."

"பிடிக்கக்கூடாதுங்கிறியா?"

நாஜியே தன் கட்டைவிரலை மடக்கப் பார்த்தாள், அது போகிற தூரம் வரை. "நான் எதுக்குச் சொல்லணும்? அந்த மரத்துல அதைக் கையில பிடிச்சப்ப அதோட நெஞ்சு அடிச்சுது பாரு, என் கையெல்லாம் அடிச்சுது. அவ்வளவு வலியிலயும் எனக்கு அது தெரிஞ்சுது. அதனாலதான் நீங்கல்லாம் இப்படிப் பைத்தியமா அலையறீங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது. சரின்னு சொல்லல. புரிஞ்சுதுன்னு சொன்னேன்."

செப்டம்பரில் அவன் முகட்டுக் குடிசைக்கு ஏறினான். முன்பெல்லாம் ஏற ஆகிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. ஒரு பெட்டை வலையில் விழுந்தது, போன வருடத்ததைவிடச் சிறியது, நிறமும் மங்கல். செஹெர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அதற்குக் கொடுக்க இறைச்சியை அவளே நறுக்கினாள்.

அவன் அதைத் தேயிலைச் சரிவுகளுக்குக் கொண்டுபோகவில்லை. ஆற்று முகத்துவாரத்துப் புல்வெளியில், சுவரும் மரமும் இல்லாத சமதரையில், தன்னால் நொண்டியாவது போய்ச் சேரக்கூடிய இடத்தில் மட்டும் எறிந்தான். அங்கே காடை குறைவு. மற்றவர்கள் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு வரும்போது அவன் ஒன்றோ இரண்டோ கொண்டு வருவான். டீக்கடையில் கேலி செய்தார்கள். "காடைகிட்ட முன்கூட்டியே சொல்லி வெச்சுட்டுப் போவான், வயசான காடையா பாத்து வரச் சொல்லி" என்றார்கள். அவனும் சிரித்தான். பல நேரம் காலடியில் காடை கிளம்பும், கை தயாராக இல்லையென்றால் எறியமாட்டான். காடை போகும். வல்லூறு கையில் ஒருமுறை துள்ளி, அவனைத் திரும்பிப் பார்க்கும்.

காலம் முடிவதற்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு காடையைத் துரத்திக்கொண்டு அது ஆற்றைத் தாண்டிப் போனது. நாணலுக்கு அந்தப் பக்கம், மரங்கள் அடர்ந்த கரைக்குள் மறைந்தது. நெவ்சாத் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய் இருட்டும் வரை தேடினான். விசில் அடித்தான், இறைச்சியைக் காட்டினான், மணிச்சத்தத்துக்குக் காது கொடுத்தான். மறுநாள் விடியலில் மறுபடி போனான். காடையின் இறகுகள் ஒரு பிடி கிடைத்தன. வேறொன்றும் இல்லை. கழற்றிய வளையம் அவன் சட்டைப்பையில் இருந்தது.

அங்கிருந்து நேராக நிறுத்தத்துக்குப் போய் மினிபஸ்ஸை எடுத்தான். முன் இருக்கையில் ஜெவ்தெத் ஏறி உட்கார்ந்தான். நெவ்சாத்தின் வெறும் கையைப் பார்த்தான்.

"போச்சா மாப்ள?"

"போச்சு."

"நானும் வரேன், மத்தியானம் தேடலாமா?"

"தேடிட்டேன். நல்லா இருக்கு."

"பாத்தியா?"

"பாக்கல" என்று சொல்லி நெவ்சாத் வண்டியை நகர்த்தினான்.